றெக்கை வைத்த லிஃப்ட்டும் ஞாயிற்றுக்கிழமை இடியும்

கணினி விளையாட்டு மாத இதழின் வாசகர் ஆலோசனைப் பகுதி ஆசிரியர் அவர்களின் மேலான கவனத்துக்கு,

தங்கள் இதழை முதல் பக்கத்தில் தொடங்கிப் பின்னட்டை விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிப்பவனும், லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் இங்கே நலம். என் முழங்கால் சுமாரான நலம். எங்கள் வீட்டு மின்சாரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நலமில்லை. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் அலுவலகத்தில் லிஃப்ட் இருக்குமானால் அதுவும், இடையில் எங்கும் நின்றுவிடாமல் நல்லபடியாக இயங்கிவர வாழ்த்துகிறேன்.

இது தங்களுக்கு நான் எழுதும் இரண்டாவது கடிதம். சின்னச் சின்னப் பாகங்களைக் கோத்து வண்டியோ படகோ விமானமோ நாமே கட்டி ஓட்டும் அந்த விளையாட்டில், என் விமானத்தை மின்னல் அடித்துக்கொண்டே இருக்கிறது, என்ன செய்யலாம் என்று முதல் கடிதத்தில் பணிவாகக் கேட்டிருந்தேன். ‘தாழப் பறக்கவும். முடியாவிட்டால் படகில் செல்லவும்’ என்று பதில் போட்டிருந்தீர்கள். ஐயா, படகு என்று ஒன்று இருப்பது எனக்கும் தெரியும். மாடிக்குப் போகப் படிக்கட்டு இருக்கிறதே என்று நான் ஒருநாளும் ஒரு லிஃப்ட்டைப் பழுது பார்க்காமல் விட்டுவந்தவன் இல்லை. நடுவில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டு கத்தும்போது, வெளியே நின்று ‘படியில் வந்திருக்கலாமே’ என்று சொல்லிப் பாருங்கள், உள்ளேயிருந்து என்ன பதில் வருகிறது என்று தெரியும். விவரம் போதாமல்தான் தாங்கள் அப்படி எழுதிவிட்டீர்கள் என்று நினைத்து, இந்த முறை விவரமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரே மகன். கடல் தாண்டி வேறு தேசத்தில், ஒரு பெரிய கிடங்கில் சரக்கு தூக்கும் யந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நல்ல பிள்ளை. ஆனால் எனக்கும் அவனுக்கும் தொலைபேசியில் பேச வராது. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது, பேச வராது, அவ்வளவுதான். மணி அடிக்கும், நான் எடுப்பேன், சாப்பிட்டாயா என்பேன், சாப்பிட்டேன் என்பான், அங்கே மழையா என்பேன், இல்லை என்பான், அதற்கு மேல் இரண்டு பேரிடமும் சரக்கு இருக்காது, என் வாய் தானாகவே ‘இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்’ என்று சொல்லிவிடும். அப்புறம் அம்மாவும் பிள்ளையும் பேசுவதை நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பக்கம் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். சென்ற விடுமுறைக்கு வந்தவன், முன்னறை அலமாரியை நகர்த்திவிட்டு அங்கே ஒரு கணினியை வைத்தான். காலமெல்லாம் மோட்டார் ரூம் இரைச்சலில் இருந்ததால் எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று, கல்யாண மண்டபத்துக்கு வைப்பதுபோல் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களையும் மாட்டினான். இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் அங்கிருந்து வருவேன், சேர்ந்து ஆடலாம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான். தலை நரைத்த பிறகு பொம்மை ஓட்டச் சொல்கிறானே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது தெரியுமா, அவன் பேசினான் ஐயா. கை யந்திரத்தில், கண் வானத்தில், அவன் பாட்டுக்கு வேலையிடத்து விஷயம், பக்கத்து அறைக்காரன் விஷயம், சமைக்கப் போய்ச் சட்டியைக் கருக்கிய விஷயம் என்று பேசிக்கொண்டே வந்தான். நானும் பேசினேன். லிஃப்ட் குழியில் மேலே ஒருவன், கீழே ஒருவன் நின்று வேலை செய்யும்போது இப்படித்தான், முகம் தெரியாததால் வீட்டில் சொல்லாததையெல்லாம் மனிதர்கள் அங்கே சொல்லுவார்கள்.

விளையாட்டில் அவன் இருப்பது கடலுக்கு அந்தப்புறம் ஒரு தீவில். நான் இருப்பது இந்தப்புறம் கரையில். தீவில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது, அதற்கு மின்கலம் இல்லாமல் இருட்டாகக் கிடக்கிறது, நீங்கள்தான் மின்கலத்தைப் பறந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று எனக்கு வேலை கொடுத்திருக்கிறான். நடுக்கடலில் எந்நேரமும் ஒரு புயல் நிற்கிறது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும். என் முதல் விமானத்தை வெள்ளி நிறத்தில், நீண்ட மூக்கோடு, பார்க்கிறவர் கண் படும்படி கட்டியிருந்தேன். அதில் ஏறிப் புயலுக்குள் நுழையும் நேரத்தில்தான் அவன் குரல் கொஞ்சம் மாறியது.

“அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். போன்ல சொல்ல வரல,” என்றான்.

சொல் என்றேன். பளீரென்று ஒரு மின்னல். அதைத் தொடர்ந்து நெஞ்சுக்கூடு அதிரும்படி ஓர் இடி. அவ்வளவுதான், திரை இருட்டு, முன்னறை இருட்டு, தலைக்கு மேலே காற்றாடி சுற்றிச் சுற்றி நின்றுபோனது. வீடே அணைந்துவிட்டது. தயவுசெய்து இந்த இடத்தை இன்னொருமுறை படியுங்கள். விமானம் மட்டும் அணையவில்லை, என் வீடு அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து மின்சாரம் தானாக வந்து, நான் கணினியைத் திரும்ப உயிர்ப்பித்து உள்ளே போய்ப் பார்த்தால், வெள்ளி விமானம் கடலுக்கு அடியில் கிடக்கிறது. நீங்கள் திடீரென்று காணாமல் போய்விட்டீர்கள், ஓட்ட ஆளில்லாமல் விழுந்துவிட்டது என்றான் மகன். அந்த விஷயம் என்ன என்று கேட்டேன். வேலைக்குக் கிளம்ப வேண்டும், அடுத்த வாரம் சொல்கிறேன் என்று போய்விட்டான். மறுநாள் தொலைபேசியில் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். ஒன்றுமில்லாத விஷயத்தை யாராவது தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார்களா? வேலை போய்விட்டதா, உடம்புக்கு ஏதாவதா, யாரிடமாவது மனதைக் கொடுத்துவிட்டானா என்று அந்த வாரம் முழுக்க எண்ணிக்கொண்டே திரிந்தேன். அம்மாவிடம் சொல்லாமல் என்னிடம் சொல்ல வந்தான் என்பது வேறு. பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் முதலில் சொல்ல வந்த விஷயம் இதுவாகத்தான் இருக்கும். அதை ஒரு மின்னல் தட்டிப் பறித்துக்கொண்டு போனால் நான் சும்மா இருப்பேனா?

அந்தச் சமயத்தில்தான் தங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன். தங்கள் பதில் வந்ததும், பெரியவர்கள் சொல்லுக்கு மரியாதை கொடுப்பவனாதலால், தாழப் பறந்தேன். அலை நக்கும் உயரத்தில் பறந்தேன். புயலுக்கே போய்ச் சேரவில்லை, நடுவழியில் நின்ற ஒரு சரக்குக் கப்பலின் கொடிமரத்தில் நேராகப் போய்ச் செருகிக்கொண்டேன். இடது இறக்கை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மகன் படகில் வந்து என்னைக் கடலிலிருந்து பொறுக்கி எடுத்தான். அன்றைக்கு முழுப்பொழுதும் அந்த இறக்கையைத் தேடுவதிலேயே போய்விட்டது, விஷயத்துக்கு வரவே நேரமில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தங்கள் ஆலோசனையின் விளைவைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்ததாக, உயரமான கட்டடங்களின் உச்சியில் வைப்பதுபோல விமானத்தின் வாலில் ஓர் இடிதாங்கியை நட்டேன். கட்டடத்தில் இடிதாங்கியிலிருந்து ஒரு கம்பி இறங்கி மண்ணுக்குப் போகும். விமானத்தில் அந்தக் கம்பி எங்கே போகும் என்பதை நான் யோசிக்கவில்லை, யானைக்கும் அடி சறுக்கும். மின்னலுக்கு அந்தக் கம்பியைப் பார்த்ததும் கொண்டாட்டம். புயலின் ஓரத்தைத் தொடுவதற்குள்ளேயே வாலில் இறங்கி, மின்கலத்தைப் பொரித்து, இருக்கைக்கு அடியில் தீயையும் மூட்டிவிட்டது. தீயணைப்பான் வைத்திருந்தேன், அடித்து அணைத்துக்கொண்டே திரும்பவும் மேலே ஏற்றினேன், விடுவேனா. அந்த நேரம் பார்த்து இடியும் வந்தது. திரை இருட்டு, வீடு இருட்டு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இடி விஷயத்தில் எங்கள் வீட்டில் கட்டுப்பாடு அதிகம். மின்சாரத்தோடு வாழ்ந்தவன் நான், கல்யாணமான புதிதிலேயே மனைவிக்கும், பிறகு மகனுக்கும் விதிகளைக் கற்றுக்கொடுத்துவிட்டேன். அதில் ஒன்று, இடி நேரத்தில் விளக்கு அணைந்தால் யாரும் எதையும் தொடக் கூடாது, இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். விதி போட்டவனே மீறலாமா? ஆகவே ஒவ்வொரு முறையும் இருட்டில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் வந்த பிறகு டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் ஃபியூஸ் போகவில்லை, கம்பி கருகவில்லை, ஒரு குறையும் இல்லை. இதே தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் மைத்துனனைக் கேட்டேன், அவன் கடையில் விளக்கு சிமிட்டக்கூட இல்லையாம். எதிர்வீட்டிலும் இல்லை. அதாவது, ஃபியூஸைத் தொடாமல், தெருவைத் தொடாமல், என் வீட்டை மட்டும் தேர்ந்தெடுத்து அணைக்கும் மின்னல் இது. என் அனுபவத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அது கணினி வழியாக உள்ளே வருகிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் உண்டா?

என் மனைவியைக் கேட்டதில் பயனில்லை. பின்னறையில் தையல் யந்திரத்தோடு உட்கார்ந்தால் அவளுக்கு உலகம் தெரியாது. ஆனால் கொஞ்ச நாளாக அவளிடம் ஒரு புதுப் புலம்பல். மழையே இல்லாமல் இடிக்கிறதாம். துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தால் வானம் துடைத்துவைத்ததுபோல் இருக்கிறதாம். “காலமே கெட்டுப்போச்சுங்க,” என்றாள். வயதாக ஆக எல்லாருக்கும் காலம் கெட்டுத்தான் போகும் என்று நினைத்துக்கொண்டு, நான் அதைக் காதில் வாங்கவில்லை.

மைத்துனன் மட்டும் விஷயத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்குள் வரும் மின்னல் என்றால் முதலில் உங்களைக் காப்பாற்ற வேண்டும் மாமா என்று, கடையிலிருந்து ஒரு ரப்பர் விரிப்பு, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, மழைக்காலத்து முழங்கால் பூட்ஸ் எல்லாம் கொண்டுவந்தான். நாற்காலிக்கு அடியில் விரிப்பு, காலில் பூட்ஸ், கையில் கையுறை. கையுறையோடு ஒரு பொத்தானை அமுக்கினால் நான்கு பொத்தான் அமுங்கியது. இறங்க வேண்டிய சக்கரம் உள்ளே போனது, மூட வேண்டிய கதவு திறந்தது, கலங்கரை விளக்க மின்கலம் கடலில் விழுந்தது. கையுறையைக் கழற்றிவிட்டேன், பூட்ஸ் மட்டும் இன்னும் இருக்கிறது. காபி கொண்டுவந்த மனைவி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். இடி அதிகமாக இருக்கிற காலத்தில் இது நல்ல ஏற்பாடுதான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சரி, வீட்டுப் பாதுகாப்பு முடிந்தது, இனி விமானம் என்று இறங்கினேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், மின்னல் எம்மாத்திரம். மின்னல் கொல்வது மின்சாரத்தைத்தானே, மின்சாரமே இல்லாமல் பறந்தால்? லிஃப்ட்டில் மின்சாரம் போனால் பெட்டி கீழே விழுவதில்லை ஐயா. பொதுஜனம் அப்படி நினைத்துப் பயப்படுகிறது. மின்சாரம் இருப்பதால்தான் பிரேக் திறந்திருக்கிறது, போனால் அதுவாகவே பிடித்துக்கொள்ளும். வேகம் மிஞ்சினால் கவர்னர் என்று ஒரு சக்கரம் இருக்கிறது, அது பெட்டியைக் கவ்வி நிறுத்திவிடும். போனால்தான் பிடிக்கும், இதுதான் எங்கள் தொழிலின் மூலமந்திரம். அதே மந்திரத்தில் ஒரு விமானம் கட்டினேன். இறக்கைக்கும் வாலுக்கும் மின்மோட்டாரை எடுத்துவிட்டுக் கயிறும் கப்பியும் போட்டேன். மின்கலங்களை ஒன்று மூக்கில், ஒன்று வாலில் என்று, பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளைப்போல் தள்ளித் தள்ளி வைத்தேன். மின்சாரம் போனால் இறக்கை தானாக மட்டத்துக்கு வரும்படி ஸ்பிரிங்குகள் வைத்தேன். வேகம் மிஞ்சினால் பின்னால் ஒரு பாராசூட் விரியும்படி கவர்னர் வைத்தேன். பழக்க தோஷத்தில் ஓர் எதிர் எடையும் வைத்துவிட்டேன். லிஃப்ட் என்றால் பெட்டிக்கு ஈடாக மறுபக்கம் ஒரு எடை தொங்க வேண்டும், கை அதைத் தானாகக் கட்டிவிட்டது. விமானம் ஓடுபாதையின் கடைசி வரை ஓடி, அப்படியே கடலுக்குள் ஓடிப் போனது. மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அப்பா, இது பிளேன் இல்ல. றெக்கை வச்ச லிஃப்ட்டு,” என்றான்.

சிரிக்கட்டும் என்று விட்டேன். அவன் சிரிப்பை அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் நான் கேட்டதே இல்லை. எதிர் எடையைக் கழற்றினேன், வண்டி ஏறியது. அழகில்லை, வேகமில்லை, பக்கவாட்டில் பார்த்தால் துணி உலர்த்தும் கொடி பறப்பதுபோல் இருந்தது, ஆனால் பறந்தது. போன ஞாயிற்றுக்கிழமை புயலுக்குள் நுழைந்தேன். மகன் மறுபடி தொண்டையைச் செருமினான்.

“அப்பா, அன்னிக்குச் சொல்ல வந்தேனே…”

மின்னல். இடி. வீடு இருட்டு. நான் பூட்ஸோடு இருட்டில் உட்கார்ந்து, வாழ்நாளில் பேசாத வார்த்தைகளையெல்லாம் அந்த மின்னலைப் பார்த்துப் பேசினேன். ஆனால் வெளிச்சம் வந்து உள்ளே போனபோது மகன் வேறு செய்தி வைத்திருந்தான். நான் காணாமல் போன பிறகும் என் விமானம் விழவில்லையாம். இறக்கையை மட்டத்துக்குக் கொண்டுவந்து, பாராசூட்டை விரித்து, யாரும் தொடாமலே ஒரு வாத்துபோலத் தண்ணீரில் இறங்கி மிதந்துகொண்டிருந்ததாம். ஆள் இல்லாமலே இறங்கிடுச்சுப்பா என்று ஆச்சரியத்தோடு சொன்னான். பெருமைக்குச் சொல்லவில்லை, அன்று ராத்திரி எனக்கு முழங்கால் வலி தெரியவில்லை. ஆனால் அதற்குள் அவன் வேலைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. விஷயம் அவன் தொண்டையிலேயே நிற்கிறது.

ஆக, ஆசிரியர் அவர்களே, விமானத்தில் இனிக் குறையில்லை. குறை முழுக்க மின்னலிடம் இருக்கிறது, அதைச் செய்தவர்களிடம் இருக்கிறது. ஆகவே தாங்கள் என் சார்பில் அந்த விளையாட்டைத் தயாரித்தவர்களுக்கு எழுதி, திரையை விட்டு வெளியே வந்து குடும்பஸ்தர்களின் வீட்டை அணைக்கும் அளவுக்கு அவர்கள் மின்னலில் வீரியம் வைத்திருப்பதைக் கண்டித்து, அதை உடனே குறைக்கவோ, ஞாயிற்றுக்கிழமை மாலைகளிலாவது அடியோடு நிறுத்தவோ, அல்லது வேண்டாதவர்கள் மின்னலை நிறுத்திக்கொள்ள ஒரு வசதி செய்துதரவோ வலியுறுத்த வேண்டும். இந்தக் கடிதத்தையும் ஒரு எழுத்துக் குறைக்காமல் வெளியிட்டு, என்னைப்போல் வீட்டுக்குள் மின்னலை விட்டுக்கொண்டு தவிக்கும் மற்ற பெற்றோரை எச்சரிக்க வேண்டும். இதற்கும் பலன் இல்லையென்றால் அவர்கள் அலுவலகத்துக்கே நேரில் போவதாக இருக்கிறேன். எத்தனையாவது மாடியில் இருந்தாலும் சரி.

தங்கள் இல்லத்தில் எல்லா விளக்கும் எரியவும், பிள்ளைகள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கவும், மூத்தவன் என்ற முறையில் மனதார ஆசீர்வதிக்கிறேன். அச்சுக் கோப்பவர் முதல் வாயிற்காவலர் வரை அனைவருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. தயவுசெய்து மேலே உள்ள எதையும் அச்சிட வேண்டாம்.

நடந்தது இதுதான். மின்னல் ஃபியூஸ் பெட்டியில் எந்த வழியாக நுழைகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத் தங்களுக்கு ஆதாரத்தோடு எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மைத்துனனை என் நாற்காலியில் உட்காரவைத்து, புயலுக்குள் வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் பூட்ஸோடு நடையில் மெயின் ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில், டெஸ்டரை நீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நின்றேன். முன்னறை ஸ்பீக்கரில் இடி இடித்தது. சுவரே அதிர்ந்தது. மறுகணம் பின்னறையிலிருந்து என் மனைவி ஒரு கையில் கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள், என்னை ஒரு தள்ளுத் தள்ளினாள், மெயின் ஸ்விட்ச்சைப் படாரென்று கீழே இழுத்தாள். இருட்டு. அந்த இருட்டில் அவள் குரல் மட்டும் நிதானமாக வந்தது.

“இருந்த இடத்துலயே இருங்க. இடிக்குது.”

நீயா என்று கேட்டேன். நானேதான், வேறு யார் என்றாள். இடிச் சத்தம் கேட்டால் முதல் வேலை மெயினை அணைக்கணும், அடங்கினதும் போடணும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க, கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவை தவறினேனா சொல்லுங்க என்றாள். தவறவே இல்லை. விளக்கு அணைந்தால் யாரும் நகரக் கூடாது என்று நானே போட்ட இன்னொரு விதியால், அவள் அணைப்பதை நான் பார்த்ததும் இல்லை. நிஜ இடி, ஸ்பீக்கர் இடி என்று என் விதியில் நான் பிரித்துச் சொல்லவும் இல்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், என்னை என் வினை இருட்டில் உட்காரவைத்தது. அது கணினியின் இடி என்று விளக்கியதும் அவள் கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, அப்படியானால் காலம் கெட்டுப்போகவில்லை என்று சொல்லிவிட்டு ஸ்விட்ச்சை மேலே தூக்கினாள்.

வேலைக்காலத்தில், குழிக்குள் இறங்குமுன் மெயினை அணைத்துப் பூட்டி, ‘ஆள் வேலையில் இருக்கிறார், தொடாதே’ என்ற சிவப்புத் தகட்டைத் தொங்கவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவோம். அந்தப் பூட்டையும் தகட்டையும் பரணிலிருந்து எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மெயின் ஸ்விட்ச்சை எரிகிற நிலையில் வைத்துப் பூட்டினேன். மைத்துனனை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்து, கணினியை உயிர்ப்பித்தேன். வண்டி சொன்னபடி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. கிளப்பினேன். புயலுக்குள் போனேன். மின்னல் அடித்தது, மூக்கு மின்கலம் போனது, வால் மின்கலம் தாங்கியது. மறுபடி அடித்தது, அதுவும் போனது, கயிறும் கப்பியும் தாங்கின. இடி இடித்தது, வீட்டில் விளக்கு எரிந்தது. அந்தப்பக்கம் மகன் தொண்டையைச் செருமினான்.

“அப்பா, இந்த மின்னலை நிறுத்த விளையாட்டுலயே வசதி இருக்கு. ஆரம்பத்துலேருந்தே இருக்கு. நான்தான் வேணும்னே போட்டுவச்சிருக்கேன். அதை நிறுத்திட்டா நீங்க நேரா வந்து இறங்கி, மின்கலத்தைக் குடுத்துட்டு, சரிப்பா வேலை முடிஞ்சுதுன்னு கிளம்பிடுவீங்க. போன்ல ‘அம்மாகிட்ட குடுக்கறேன்’னு சொல்றீங்கள்ல, அந்த மாதிரி. நீங்க இவ்வளவு கஷ்டப்படறதைப் பார்த்துட்டு மனசு கேக்கல. நிறுத்திடவா?”

இதுதான் விஷயம். இதற்காகத்தான் நான் இத்தனை வாரம் என்னென்னவோ எண்ணித் திரிந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது ஐயா, மறைப்பானேன். பழக்கத்தில் என் வாய், இரு, அம்மாகிட்ட என்று ஆரம்பித்தேவிட்டது. வாசற்படியில் நின்றிருந்தவள் தலையை ஆட்டிவிட்டு, நீங்களே பேசுங்க என்று தையலுக்குப் போய்விட்டாள். நிறுத்தாதே என்று மகனிடம் சொன்னேன். முடிந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டு என்றேன்.

ஆகவே தயாரித்தவர்களுக்குத் தாங்கள் எதுவும் எழுத வேண்டாம். வேறு யாராவது மின்னலைச் சமாளிப்பது எப்படி என்று கேட்டு எழுதினால், தாழப் பறக்கச் சொல்லாதீர்கள், படகிலும் அனுப்பாதீர்கள். ஸ்பீக்கரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காரச் சொல்லுங்கள், போதும்.

அன்றைக்குப் புயலைத் தாண்டிவிட்டேன். கீழே தீவு தெரிந்தது, இருட்டாகக் கலங்கரை விளக்கம் தெரிந்தது, அதன் பக்கத்தில் நின்று மகன் கையை ஆட்டுவதும் தெரிந்தது. கயிற்றை ஒரு பக்கம் இழுத்து, வண்டியைத் திருப்பி, மறுபடி புயலுக்குள் விட்டேன். மின்கலம் இன்னும் போய்ச் சேரவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை.